ஈயம் பூசிய தோட்டா

ஒகையோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் வீட்டு கராஜில் கார் நிற்பதில்லை. அந்த இடத்தில் ஒரு நீளமான மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கைப்பிடி பிரஸ், ஒரு சின்னத் தராசு, சுவர் முழுக்க சிவப்பு, பச்சைப் பெட்டிகள். அண்ணன் ரைபிள் போட்டிக்குப் போகிறவர். தனக்கு வேண்டிய தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்வார். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட, சாதாரணமான பொழுதுபோக்கு. நம் ஊரில் வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இல்லை.

நான் பார்த்த அன்று அவர் புதிதாக எதுவும் தயாரிக்கவில்லை. ஏற்கெனவே தயாரான தோட்டாக்களை ஒவ்வொன்றாக பிரஸ்ஸில் வைத்து, கைப்பிடியை மெல்ல இறக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் “டிக்” என்று ஒரு சத்தம்.

“என்னண்ணே சத்தம்?”

“ஒட்டிக்கிட்டிருந்துச்சு தம்பி, இப்ப விட்டுருச்சு. இது நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அப்படியே சுட்டா ஒண்ணு ஒரு மாதிரி போகும், இன்னொண்ணு வேற மாதிரி போகும். அதான் ஒரு மயிரிழை உள்ள தள்ளி விட்டுட்டு எடுத்துட்டுப் போறேன்.”

“யாரு ஒட்டுனது?”

“யாரும் ஒட்டல. அதுவா ஒட்டிக்கும். ரெண்டும் செம்புக் கலவைதானே.”

ஒட்டு இல்லாமல், சூடு இல்லாமல், இரண்டு உலோகம் தானாக எப்படி ஒட்டும்? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். அது என்னை 1921க்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வருடம் இதே “தானா ஒட்டிக்கிறது” அமெரிக்க ராணுவத்தின் பெரிய தோட்டா ஆலை ஒன்றைத் தலைகுனிய வைத்தது. சம்பவம் நடந்த இடமும் அண்ணன் இருக்கும் அதே ஒகையோதான்.

தோட்டாவும் அதன் கழுத்தும்

விஷயத்துக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது நாலு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். கூடு துப்பாக்கியிலேயே இருந்து, பிறகு வெளியே விழுகிறது.

ரைபிள் தோட்டாவின் கூடு பார்ப்பதற்கு ஒரு குட்டி பாட்டில் மாதிரி இருக்கும். உடம்பு, தோள், கழுத்து. குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கழுத்துதான். கழுத்தின் உள்வாய் குண்டைவிட ஒரு துளி சிறியதாக இருக்க வேண்டும். துளி என்றால், வழக்கமாக ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதாவது 0.05 மில்லிமீட்டர். நம் தலைமுடியே அதைவிடத் தடிமன். இந்த இம்மி இறுக்கத்தில்தான் குண்டு விழாமல் நிற்கிறது.

சுடும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் இதில் இருக்கிறது. பிரைமர் பற்றுகிறது, மருந்து எரிகிறது, வாயு அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுவதோடு பித்தளைக் கழுத்தை வெளிப்பக்கமாக ஊதியும் விடுகிறது. கழுத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். கழுத்து அந்த இடைவெளிக்குள் விரிகிறது, பிடி தளர்கிறது, குண்டு விடுபட்டுப் போகிறது. பிடித்திருக்கும் கை விரிந்து கொடுக்கிற மாதிரி.

கை விரியாவிட்டால்? குண்டு தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் அழுத்தம் ஏறும். மருந்தின் குணம் என்னவென்றால், அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மறுபடி ஏறும். இது ஒன்றையொன்று விரட்டும் ஓட்டம். ஒரு சாதாரண ராணுவ ரைபிளில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவில் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல சுமார் 1500 மடங்கு. அதற்கு மேல் ஏற அதிக இடம் கிடையாது.

பாக்குவெட்டியில் தொடங்கிய தொழில்

சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1866 வாக்கில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமர் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஆங்கிலேயர், எட்வர்ட் பாக்ஸர். இன்னொருவர் அமெரிக்கர், ஹைரம் பெர்டான். பாக்ஸரின் கூட்டில் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. உள்ளேயிருந்து ஒரு ஊசியால் தள்ளினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டானின் கூட்டில் நடுவில் ஒரு மேடும், பக்கத்தில் சின்னத் துளைகளும். ஊசி போகாது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் நிலைத்தது. அதனால் கராஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்பும் வழக்கம் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில்தான் வேர்விட்டது.

1884இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ஒரு கைக்கருவி செய்து விற்கத் தொடங்கினார். நம்ம பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு கீல். பழைய பிரைமரை எடுக்க ஒரு இடம், புதியதைப் பொருத்த ஒரு இடம், குண்டைக் கழுத்தில் அழுத்த ஒரு குழி. எல்லாம் ஒரே கருவியில், சட்டைப்பையில் அடங்குகிற அளவில். தோட்டாக் கடை நூறு மைல் தள்ளி இருந்த காலத்தில் வேட்டைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். 1925இல் அந்தத் தொழில் லைமன் நிறுவனத்தின் கைக்குப் போனது.

பாக்குவெட்டியின் குறை அதன் கீலிலேயே இருக்கிறது. கைப்பிடி ஒரு வளைவில் வருவதால் குண்டு நேராக உள்ளே போகாமல் கொஞ்சம் சாய்ந்து போகலாம். சாய்ந்த குண்டு குழலுக்குள்ளும் சாய்ந்தே நுழையும். பிராங்க்ளின் மேன் என்ற மருத்துவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த மாதிரி விஷயங்களை அளந்து பார்ப்பதிலேயே கழித்து, 1909இல் ஒரு தடிமனான புத்தகமாகப் போட்டார். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே கை. ஆனாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை, ஏன்? அவருடைய கேள்வி அவ்வளவுதான். குண்டின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது, அது எவ்வளவு நேராக நுழைகிறது என்பதில் விடையின் பெரும்பகுதி இருந்தது.

பிறகு வந்தவைதான் இன்றைய மேசை பிரஸ்களும் அவற்றில் திருகும் டைகளும். 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். இதில் பெரிய பெயர். போர்க்காலத்தில் நல்ல குண்டு கிடைக்காமல் தானே குண்டு செய்ய ஒரு டை செய்தார். ராக் சக் என்ற மலை அணில் வகையை வேட்டையாடுவதற்கான குண்டு அது. அந்தப் பெயரின் முதல் எழுத்துகள்தான் நிறுவனத்தின் பெயர். 1958இல் ரிச்சர்ட் லீ, பிரஸ்கூட இல்லாமல் ஒரு சுத்தியலால் தட்டியே வேலையை முடிக்கும் மலிவான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். யார் செய்த டையாக இருந்தாலும் யார் பிரஸ்ஸிலும் திருகலாம் என்ற அளவுக்கு 7/8 அங்குல மரை, அங்குலத்துக்கு 14 புரி என்பது பொது அளவாகிவிட்டது.

டை என்ன செய்கிறது

அண்ணன் எனக்கு இரண்டு டைகளைக் காட்டினார். முதலாவது, சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கும். இரண்டாவது, குண்டைக் கழுத்தில் உட்கார வைக்கும். நம் கதை இரண்டாவதைப் பற்றியது.

அதை அமைப்பது கேட்க எளிது. கூட்டை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு டையை மெதுவாகத் திருகி இறக்க வேண்டும். ஓரிடத்தில் லேசாகத் தட்டுப்படும். டைக்குள் இருக்கும் ஒரு விளிம்பு கூட்டின் வாயில் இடிக்கிறது என்று அர்த்தம். அது வாயை உள்பக்கமாக மடித்து குண்டைக் கவ்வச் செய்வதற்கான விளிம்பு. அது வேண்டாம் என்றால் அங்கிருந்து அரைச் சுற்றோ ஒரு சுற்றோ பின்னால் திருப்பிப் பூட்ட வேண்டும். 14 புரிக் கணக்கில் ஒரு சுற்று என்பது 1.8 மில்லிமீட்டர். பிறகு நடுவில் உள்ள தண்டை மேலும் கீழும் திருகி, குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

“இவ்வளவுதானேண்ணே?” என்றேன்.

“இவ்வளவுதான். ஆனா இதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க” என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளே அவர் கெடுத்த தோட்டாக்கள். எறியாமல் பாடத்துக்காக வைத்திருக்கிறார்.

ஒன்றில் தோள் பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. பின்னால் திருப்ப மறந்துவிட்டார். குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விளிம்பு வாயை மடித்துவிட்டது. வாய் குண்டைக் கவ்வி, அதோடு சேர்ந்து கீழே வந்து, தோள் மடங்கிவிட்டது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. துப்பாக்கியில் நுழையாதபோதுதான் தெரியும். இன்னொன்றில் குண்டின் மேல் செம்பு சுருள் சுருளாகச் சீவியிருந்தது. கூட்டின் வாய் விளிம்பைச் சாணை பிடிக்காமல் விட்டதன் பலன். மூன்றாவதில் குண்டின் மூக்கைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு. தண்டின் குழி ஒரு வடிவம், குண்டின் மூக்கு வேறு வடிவம். தண்டு நுனியைத் தொட்டு அழுத்தினால் இன்னொரு தொல்லை. மென்மையான காரீய நுனிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நுனியை வைத்து அளந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு ஆழத்தில் உட்காரும். அதனால் குண்டின் தோள் வளைவைத் தொட்டுத் தள்ளுவதுதான் சரி.

நாலாவது தோட்டாவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்று நகை மாதிரி இருந்தது.

“இதுதான் மோசமானது. கூட்டை உள்ளேயும் வெளியேயும் அப்படியே தேய்ச்சு மின்ன வெச்சுட்டேன். கழுத்துக்குள்ள இருந்த புகைக்கரியெல்லாம் போயிருச்சு. வெறும் பித்தளை, வெறும் செம்பு. குண்டு எறங்கும்போதே கீச்சுன்னு சத்தம். ரெண்டு வருஷத்துல பத்திக்கிச்சு.”

எந்த உலோகத்தின் மேலும் ஒரு மெல்லிய துரு அல்லது அழுக்குப் படலம் எப்போதும் இருக்கும். அதுதான் உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கிறது. இறுக்கமாகத் தேய்த்து அழுத்தும்போது படலம் கிழிந்து, சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொடுகிறது. அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பிணைகிறது. சூடே தேவையில்லை. இதைக் குளிர் ஒட்டு என்று சொல்லலாம். இதில் செம்பைவிட பல மடங்கு தாராளமான உலோகம் ஒன்று உண்டு. அது வெள்ளீயம்.

குழலில் படிந்த கட்டி

இப்போது 1921. அதற்கு முன் ஒரு பதினைந்து வருடம்.

1906இல் அமெரிக்க ராணுவம் தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்குப் புதுத் தோட்டா ஒன்றை ஏற்றது. இன்றும் .30-06 என்ற பெயரில் புழங்குவது அதுதான். பழைய குண்டு 220 கிரெய்ன் எடை, மொண்ணை மூக்கு, நொடிக்கு 2300 அடி வேகம். புதியது 150 கிரெய்ன், கூர் மூக்கு, 2700 அடி வேகம். வேகம் கூடியதும் ஒரு புதுத் தலைவலி வந்தது. குண்டின் உள்ளே காரீயம், மேலே செம்பும் நிக்கலும் கலந்த சட்டை. அந்த வேகத்தில் சட்டை உரசி, குழலின் முனைப் பக்கத்தில் கட்டி கட்டியாகப் படிந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகாது. அடுத்த குண்டு அதில் உரசிக் கோணலாகப் போகும்.

அதை எடுக்க ஒரு வழி இருந்தது. குழலின் ஒரு பக்கத்தை ரப்பர் கார்க்கால் அடைத்து, உள்ளே காட்டமான அம்மோனியாக் கரைசலை ஊற்றி ஊற வைப்பது. செம்பைக் கரைத்து நீலமாக வெளியே வரும். கொஞ்சம் கவனம் பிசகினால் குழலே அரித்துப்போகும். தினமும் போட்டியில் சுடுகிறவன் தினமும் இதைச் செய்து மாள முடியாது.

அதனால் சுடுகிறவர்கள் தாங்களாகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு டப்பா கிரீஸ். சுடுவதற்கு முன் குண்டின் மூக்கை அதில் ஒரு முக்கு. படிவு நின்றுவிட்டது. போட்டிக்காரர்களிடம் இது கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

ராணுவத்தின் ஆயுதத் துறைக்கு இது பிடிக்கவில்லை. தோட்டா வெடிக்கும்போது கூட்டின் பக்கச் சுவர் சேம்பரின் சுவரைக் கவ்விப் பிடிக்கும். பின்னோக்கிய உதையில் ஒரு பங்கை அந்தப் பிடிப்பு வாங்கிக்கொள்ளும். கிரீஸ் வழிந்து அங்கே போனால் பிடிப்பு வழுக்கும். மொத்த உதையும் சுடுகிறவன் முகத்துக்கு நேரே இருக்கும் போல்ட்டின் மேல் விழும்.

ஆலையின் பதில்

தோட்டா செய்தது பிலடெல்பியாவில் இருந்த பிராங்ஃபோர்டு ஆயுதசாலை. 1816இல் தொடங்கியது. அவர்கள் யோசித்த தீர்வு வெள்ளீயம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கி மருந்தோடு ஈயத் தகடோ வெள்ளீயத் தகடோ வைத்து, குழலில் படியும் செம்பைப் பலவீனமாக்கி உதிர வைத்திருந்தார்கள். அதையே குண்டின் மேல் பூசினால்? படிவும் வராது, கிரீஸும் வேண்டாம்.

இங்கே நம் வீட்டு அடுப்படியை ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவித் தேய்ப்பார்கள். குப்பென்று வெள்ளைப் புகை வரும், மேலிருந்த அழுக்குப் படலம் போகும். உடனே ஈயக்கட்டியைத் தொட்டுத் துணியால் ஒரு சுழற்று. கண்ணெதிரே பாத்திரம் வெள்ளியாகிவிடும். அந்த ஈயம் காரீயம் அல்ல, வெள்ளீயம். பசை எதுவும் இல்லாமல் அது பித்தளையை ஏன் அப்படிப் பிடித்துக்கொள்கிறது? வெள்ளீயமும் செம்பும் தொட்ட இடத்தில் இரண்டும் கலந்து ஒரு புதுச் சேர்மமாகிவிடுகின்றன. சூட்டில் அது நொடியில் நடக்கும். சாதாரண அறை வெப்பத்திலும் நடக்கும், மெதுவாக.

பிராங்ஃபோர்டு ஆயுதசாலை செய்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். வெள்ளீயம் பூசிய குண்டு. அதை ஒரு பித்தளைக் கழுத்துக்குள் இறுக்கமாக அழுத்தி, படலம் கிழியத் தேய்த்து உட்கார வைத்து, பெட்டியில் அடுக்கி வைத்தார்கள். காத்திருக்கும் நேரம்தான் அடுப்பின் வேலையைச் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா அப்படியே இருக்கும். உள்ளே குண்டும் கழுத்தும் பற்றவைத்த மாதிரி ஒன்றாகிக்கொண்டிருந்தன. பிறகு இழுத்துப் பார்த்தபோது, குண்டைக் கூட்டிலிருந்து பிடுங்க வழக்கத்தைவிடப் பல மடங்கு விசை தேவைப்பட்டது.

கேம்ப் பெர்ரி

1921 தேசியப் போட்டி ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரியில் நடந்தது. புதுத் தோட்டாவுக்கு சுடுகிறவர்கள் வைத்த செல்லப்பெயர் “டின் கேன்”. வெள்ளீயத்துக்கு ஆங்கிலத்தில் டின் என்பதால் கிண்டல். ஆனால் தோட்டா அருமையாகச் சுட்டது. குழலில் கட்டி இல்லை. குறி தப்பவில்லை. இதற்குக் கிரீஸ் தேவையில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லப்பட்டது.

சொன்னால் கேட்கிற விஷயமா? வருடக்கணக்கில் கைப்பழக்கம். கிரீஸ் இல்லாமல் சுட்டால் மனசு ஒப்பாது. கிரீஸ் டப்பாக்கள் வெளியே வந்தன. ரைபிள் வெடித்தது.

இதற்கான விளக்கத்தை நமக்கு விட்டுச்சென்றவர் ஜூலியன் ஹேட்சர். ஆயுதத் துறை அதிகாரி, பிற்காலத்தில் மேஜர் ஜெனரல். 1947இல் வந்த அவருடைய நோட்புக், துப்பாக்கி வரலாறு படிக்கிற யாரும் தாண்டிப் போக முடியாத புத்தகம். அவர் சொல்லும் காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒட்டிக்கொண்ட குண்டு மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. அழுத்தம் கழுத்தை வெளியே ஊதும், ஒட்டு உரிந்துவிடும், குண்டு போய்விடும். கிரீஸ் மட்டும் இருந்தாலும் சமாளித்துவிடலாம். கழுத்து விரிய இடம் குறைந்தாலும் குண்டு வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும். இரண்டும் சேர்ந்தால்? குண்டின் மேல் தடவிய கிரீஸ் கழுத்துக்கும் சேம்பர் சுவருக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளியை நிரப்பிவிட்டது. கிரீஸ் அமுங்காது. கழுத்து விரிய முடியவில்லை. விரிய முடியாத கழுத்தில் குண்டு பற்றவைத்தபடி இருக்கிறது. கை விரியவில்லை. அந்தத் தாமதத்தில் அழுத்தம் தன்னைத் தானே விரட்டிக்கொண்டு ஏறியது.

யார் மேல் தப்பு?

இதைப் படிக்கும் பலர் சுடுகிறவர்கள்மேல் பழி போட்டு முடித்துவிடுகிறார்கள். போடாதே என்றார்கள், போட்டார்கள், வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை.

முதலில், கிரீஸ் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. ராணுவம் கொடுத்த குண்டுச் சட்டை குழலைக் கெடுத்ததால் வந்த பழக்கம். இரண்டாவது, “தேவையில்லை” என்பதும் “போட்டால் சாவாய்” என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். தேவையில்லாததைச் செய்வதில் நஷ்டம் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். குண்டு கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பெட்டியைத் திறந்து பார்க்கிறவனுக்குத் தெரிய வழியில்லை.

மூன்றாவது இன்னும் முக்கியம். அந்த ரைபிளிலேயே ஒரு பழைய கோளாறு இருந்தது. 1918 வரை ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்த சுமார் 8,00,000 ரைபிள்களின் ரிசீவர், அதாவது போல்ட்டைத் தாங்கும் உடல், பதம் சரியில்லாமல் கண்ணாடி போல உடையக்கூடியதாக இருந்தது. இரும்பைக் காய்ச்சிய ஆட்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை முடிவு செய்தார்கள். அனுபவசாலிகள்தான். ஆனால் பளீரென்று வெயில் அடிக்கும் நாளில், பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடாக வேண்டும் என்று தோன்றும். மேகமூட்டமான நாளில் சரியாக வந்தது, வெயில் நாளில் கருகியது. வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பிறகு முறையை மாற்றினார்கள். ஆனால் பழைய ரைபிள்கள் புழக்கத்தில் தொடர்ந்தன. நல்ல ரிசீவர் கொஞ்சம் அதிக அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும். பதம் கெட்டது சிதறும்.

ஆக வரிசையைப் பாருங்கள். வேகத்துக்காகக் குண்டை மாற்றினார்கள். படிவு வந்தது. படிவுக்கு சுடுகிறவன் கிரீஸ் கண்டுபிடித்தான். கிரீஸை ஒழிக்க ஆலை வெள்ளீயம் பூசியது. வெள்ளீயத்தைச் சோதித்தவர்கள் கிரீஸ் இல்லாமல் சோதித்தார்கள், ஏனென்றால் அதை ஒழிப்பதுதானே நோக்கம். கிரீஸ் போட்டவர்கள் ஈயமில்லாத குண்டில் வருடக்கணக்காக நன்றாகச் சுட்டவர்கள். ஒவ்வொருவர் கையிலும் இருந்தது சரியான அனுபவம்தான். இரண்டு அனுபவமும் ஒரே சேம்பருக்குள் சந்திக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

புதிய பொருளைச் சோதிக்கும்போது அதைச் சரியாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் பார்த்தால் போதாது, பழைய பழக்கம் உள்ளவன் கையில் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். ஆலையின் தப்பு அதுதான் என்பது என் கருத்து. சுடுகிறவனின் தப்பு அதைவிடச் சிறியது.

பிறகு

வெள்ளீயம் பூசிய குண்டு அந்த வருடத்தோடு போய்விட்டது. அடுத்து வந்த விடை எவ்வளவு எளிது என்று பார்த்தால் சிரிப்பு வரும். நிக்கலை எடுத்துவிட்டு செம்பில் பத்தில் ஒரு பங்கு துத்தநாகம் கலந்தார்கள். கில்டிங் மெட்டல் என்று பெயர். மெதுவான குண்டுகளுக்கு அது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். வேகமான குண்டுக்கு அது மிருது, தாங்காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. போட்டுப் பார்த்தபோது தாங்கியது. கட்டி படியவில்லை, கிரீஸ் தேவைப்படவில்லை, கழுத்தோடு வெள்ளீயம் மாதிரி பிணையவும் இல்லை. இன்று அண்ணன் மேசையில் இருக்கும் குண்டின் சட்டையும் ஏறத்தாழ அதே கலவைதான்.

வெள்ளீயமும் முழுக்க ஒழியவில்லை. குண்டின் மேலிருந்து மருந்துக்குள் குடிபோனது. எரியும்போது குழலின் செம்புப் படிவை உதிர்க்க, மருந்திலேயே கொஞ்சம் வெள்ளீயத்தைக் கலந்தார்கள். கழுத்தைத் தொடாத இடத்தில் வைத்ததும் அதே உலோகம் சாதுவாகிவிட்டது.

அண்ணன் கேட்ட “டிக்” இதன் மிகச் சின்ன வடிவம். செம்புச் சட்டையும் பித்தளைக் கழுத்தும் வெள்ளீயம் அளவுக்கு ஒட்டாது, ஆனால் வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தால் அங்கங்கே பற்றும். ஆபத்தைவிட சீரின்மைதான் அதில் பெரிய பிரச்சினை. ஒன்று அதிகம் பற்றியிருக்கும், ஒன்று குறைவாக. அதனால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்பும். சிலர் கழுத்தின் உள்ளே புகைக்கரியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். சிலர் கிராஃபைட் தூளில் ஒரு முக்கு முக்குகிறார்கள். சிலர் குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்துவிட்டு, போட்டிக்கு முதல் நாள் முழு ஆழத்துக்குத் தள்ளுகிறார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்து அண்ணனிடம் போனில் சொன்னேன். டின் கேன் கதை அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. ஈயம் பூசுகிற கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“நம்ம பாட்டி வீட்டு அண்டாவுக்கு வருஷா வருஷம் பூசுவாங்களேடா. அந்தப் புகை வாசனை இன்னும் மூக்குல இருக்கு. அது உரியவே உரியாதுன்னு நமக்குத் தெரியும்ல. அவனுங்களுக்குத் தெரியாமப் போச்சே.”

அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். பிலடெல்பியாவிலும் தகரம் பற்றவைக்கிற ஆட்கள் இருந்திருப்பார்கள். குண்டு செய்கிறவர் அவர்களிடம் போய்க் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

அண்ணன் இப்போது ஒவ்வொரு பெட்டி மேலும் நிரப்பிய தேதியோடு, கழுத்தைத் தேய்த்தாரா விட்டாரா என்பதையும் எழுதி ஒட்டுகிறாராம்.